உடலும் இடமும்: பார்த்து வரைதலின் வரலாறு திருச்சபைக்குக் கற்பிப்பது

மனித உடலைக் கண்ணால் கண்டு கையால் வரைவது ஓவியர்க்குரிய தொழில். அதற்கும் இறையியலுக்கும் யாது தொடர்பு என்று வாசகருள் சிலர் வினவக்கூடும். வார்த்தை மாம்சமாயிற்று என்று அறிக்கையிடும் திருச்சபைக்கு உடல் புறக்கணிக்கத்தக்க பொருளாக இருக்கவியலாது. மாம்சமாதல் என்னும்போதே ஓர் உடலையும், அவ்வுடல் நின்ற ஓர் இடத்தையும் நாம் சேர்த்தே அறிக்கையிடுகிறோம். பெத்லகேம், கலிலேயாக் கடற்கரை, சமாரியாவின் கிணற்றங்கரை ஆகிய இடங்களை நீக்கிவிட்டு நற்செய்தியை எடுத்துரைக்க இயலாது. ஆகவே, உடலையும் இடத்தையும் மனிதர் எவ்வாறு பார்த்துவந்தனர் என்னும் வரலாறு நமக்கும் உரியதே.

இவ்வரலாற்றை ஆராயப் புதுச்சேரியை அடுத்த மூலக்குளத்தை நம் நிலைக்களமாகக் கொள்ளலாம். நகருக்கு மேற்கே, விழுப்புரம் செல்லும் பெருவழியில் அமைந்த பகுதி இது. இவ்வழியே மேற்கில் விழுப்புரத்தையும் கடந்து சென்றால் பல்லவர் கலையைத் தாங்கி நிற்கும் பனைமலையை அடையலாம். கிழக்கே சென்றால், பிரெஞ்சுக்காரர் வாய்க்கால் ஒன்றை எல்லையாக்கி வெள்ளை நகர், கறுப்பு நகர் என வகுத்த புதுச்சேரியை அடையலாம். ஒரு திசையில் உடலுக்கு இடமளித்த கலை இருக்கிறது. மறு திசையில் உடல்களை இடத்தால் பிரித்த நகரம் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவது நம் கட்டுரையின் நோக்கமாகும்.

1. சிற்பியின் அளவு

நம் நாட்டுச் சிற்ப மரபு மனித உடலைத் தாலம் என்னும் அளவால் வகுத்தது. முகத்தின் நீளம் ஒரு தாலம்; அது பன்னிரண்டு அங்குலமாகப் பகுக்கப்படும். நவதாலத்தில் அமைந்த உருவம் 108 அங்குலம் கொண்டது. உத்தம தசதாலத்தில் அமைந்த தெய்வ உருவம் 124 அங்குலம் கொண்டது. இவ்வங்குலம் கடையில் வாங்கும் அளவுகோலின் அங்குலமன்று. அந்தந்த உருவத்துக்குள்ளேயே பிறக்கும் அளவு. உச்சியிலிருந்து அடிவரை தொங்கவிடப்படும் நூலைப் பிரம்மசூத்திரம் என்பர். உடல் நேராக நின்றால் சமபங்கம். சற்றே வளைந்தால் அபங்கம். மூன்றிடத்தில் ஒசிந்தால் திரிபங்கம். எவ்வாறு வளைந்தாலும் நூல் நேராகவே தொங்கும். வளைவை அளப்பதற்கு வளையாத ஒன்று வேண்டும் என்பது இம்முறையின் அடிப்படை.

நம் சிற்பிகள் இலக்கணத்தை மட்டுமே அறிந்தவர், வாழ்வைப் பார்க்காதவர் என்று கூறுவது பிழை. மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில், ஏழாம் நூற்றாண்டுக்குரியதாகக் கருதப்படும் புடைப்புச் சிற்பத் தொகுதியில், ஆயன் ஒருவன் பசுவிடம் பால் கறக்கிறான். பசு தன் கன்றை நக்குகிறது. இக்காட்சி எந்தத் தால அளவிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. கறப்பவனைப் பலமுறை உற்றுப் பார்த்த கண்ணிலிருந்தே அது பிறந்தது. அவனுடைய உடலையும் பசுவின் உடலையும் தனித்தனியே எடுத்துவிட்டால் இரண்டுமே பொருளிழக்கும். இவ்விரு உடல்களுக்கும் இடையே உள்ள வெளியே அச்சிற்பத்தின் உயிர்.

பனைமலையில் இராசசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலில் உமையின் ஓவியம் ஒன்று சிதைந்த நிலையில் எஞ்சியுள்ளது. ஒரு காலை மடித்து, குடையின் கீழ், இறைவனின் ஆடலைக் காண்பவளாக அவள் நிற்கிறாள். அவள் உடலின் சாய்வே, அவள் எதைப் பார்க்கிறாள் என்பதை நமக்கு உணர்த்துகிறது. இத்தகைய பழைய ஓவியங்களை அறிஞர் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் புதுச்சேரியில் கல்லூரிப் பேராசிரியராயிருந்த கபிரியேல் ழூவோ துப்ரேய் (1885–1945). 1920 ஆம் ஆண்டில் சித்தன்னவாசல் ஓவியங்களைப் பற்றி எழுதியவரும், 1931 ஆம் ஆண்டில் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் சுண்ணப் பூச்சின் கீழ் மறைந்திருந்த ஓவியங்களைக் கண்டறிந்தவரும் அவரே. சித்தன்னவாசலின் தாமரைத் தடாகத்தில் மலர் கொய்வோரின் உடல்கள் இலைக்கும் மீனுக்கும் பறவைக்கும் நடுவே நிற்கின்றன. தொலைவு சிறுத்துக் காட்டும் ஐரோப்பிய முறை அங்கில்லை. ஆயினும் இடம் இருக்கிறது. சூழ நிற்கும் உயிர்களே அங்கு இடமாகின்றன.

2. இடமிழந்த உடல்

பதினெட்டாம் நூற்றாண்டில் வேறொரு வகைப் பார்வை நம் கரையில் வந்திறங்கியது. பியேர் சொன்னரா என்னும் பிரெஞ்சு இயற்கையியலார் 1774 முதல் 1781 வரை மேற்கொண்ட கீழை நாட்டுப் பயணத்தைப் பற்றிய நூலை 1782 ஆம் ஆண்டில் பாரிசில் வெளியிட்டார். அதில் இந்தியத் தொழிலாளரையும் தெய்வங்களையும் சடங்குகளையும் காட்டும் செதுக்குப் படங்கள் பல இடம்பெற்றன. அதே காலத்திலும் அதன் பின்னரும் தஞ்சாவூர் ஓவியர்கள் ஐரோப்பியரின் விருப்பத்துக்கிணங்கச் சாதிதோறும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் வரைந்து தொகுதிகளாக விற்றனர். உடை, நகை, கையிலுள்ள கருவி ஆகியவை நுட்பமாகத் தீட்டப்பட்டன. ஆனால் அவர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் வெற்று வெளியே இருந்தது. காலடியில் மெல்லிய ஒரு கீற்று நிலம் மட்டும் தீட்டப்பட்டது.

அப்படங்களின் அழகை நாம் மறுக்கவேண்டியதில்லை. ஆயினும் அங்கு நிகழ்ந்ததைக் கவனிக்கவேண்டும். குயவன் அவன் சூளையிலிருந்தும், நெசவாளி அவன் தறிக்குழியிலிருந்தும் பெயர்க்கப்பட்டு மாதிரிப்பொருள் ஆகிறான். பெயருள்ள ஓர் ஆள் அங்கு இல்லை; ஒரு வகுப்பின் அடையாளமே இருக்கிறது.

இப்பார்வையின் முதிர்ந்த நிலையைச் சென்னை அருங்காட்சியகத்தில் காண்கிறோம். 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுக் கவைகளைக் கொண்டு பல்வேறு சாதியாரின் தலையையும் மூக்கையும் அளந்தார். அவ்வளவுகள் 1909 ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்னும் நூலில் இடம்பெற்றன. சிற்பியும் அளந்தார், தர்ஸ்டனும் அளந்தார். சிற்பியின் அளவு, வணங்கத்தக்க உருவம் ஒன்றைக் கருவறைக்குள் நிறுவுவதற்கானது. தர்ஸ்டனின் அளவு, உயிருள்ள மனிதரை வரிசைப்படுத்துவதற்கானது. துல்லியம் மட்டுமே உண்மையான பார்வைக்குப் போதாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

3. வரைபவன் நிற்கும் இடம்

பார்த்து வரையும் மாணவன் எவ்வாறு தொழிற்படுகிறான் என்பதை இனி நோக்குவோம். எதிரில் ஒருவர் நிற்கிறார். மாணவன் கையை முழுமையாக நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடித் தலையின் உயரத்தை அளந்து, உடல் முழுவதும் எத்தனை தலை உயரம் என்று கணிக்கிறான். கொத்தனாரைப்போல் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, கழுத்துக் குழி எந்தக் காலுக்கு நேர் மேலே வருகிறது என்று பார்க்கிறான். உடலின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறதோ அந்தக் காலுக்கு மேலேயே அது பெரும்பாலும் அமையும். பின்னர், இடுப்பில் ஊன்றிய கைக்கும் விலாவுக்கும் நடுவே தோன்றும் வெற்று முக்கோணத்தை வரைகிறான். அவ்வெளியைச் சரியாக வரைந்தால் கை தானே சரியாக அமைந்துவிடும். உடலைக் காண்பதற்கு உடலல்லாத இடத்தையும் காணவேண்டும் என்பது இத்தொழிலின் முதற்பாடம்.

இரண்டாம் பாடம் இன்னும் ஆழமானது. ஒவ்வொரு படத்திலும் பார்வை மட்டம் என்று ஒன்று உண்டு. அது வரைபவனின் கண்ணின் உயரமேயாகும். அவன் மேடைமேல் நின்று வரைந்தால், எதிரிலிருப்பவரின் உச்சியும் தோளும் பெருத்து, கால்கள் குறுகித் தோன்றும். அவன் தரையில் அமர்ந்து வரைந்தால் அவர் நிமிர்ந்து உயர்ந்து தோன்றுவார். தன்னைப் படத்தில் வரையாவிட்டாலும், தான் எங்கிருந்து பார்த்தான் என்பதை அவன் மறைக்க இயலாது.

ஐரோப்பாவில் இவ்வுண்மையை ஒழுங்குபட வகுத்தவர்கள் பதினைந்தாம் நூற்றாண்டின் புளோரன்சு நகரத்தார். 1427 ஆம் ஆண்டளவில் மசாச்சோ அந்நகரின் சாந்தா மரியா நொவெல்லா ஆலயச் சுவரில் திரித்துவ ஓவியத்தைத் தீட்டினார். அதன் பார்வை மட்டம், ஆலயத் தளத்தில் நிற்கும் சாதாரண விசுவாசியின் கண்ணுக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. 1435 ஆம் ஆண்டில் ஆல்பெர்த்தி இம்முறையை நூலாக வகுத்தார். லூத்தரின் சீர்திருத்தத்தில் பரிவு கொண்டிருந்த ஆல்பிரெக்ட் தூரர், மனித உடலின் அளவுகளைப் பற்றி எழுதிய நான்கு பகுதிகள் கொண்ட நூல் அவர் மறைந்த 1528 ஆம் ஆண்டிலேயே அச்சாகியது. ஒரே இலட்சிய உடலைக் கற்பிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. பருத்தவர், மெலிந்தவர், உயர்ந்தவர், குறுகியவர் எனப் பலவகை உடல்களுக்கும் அவர் அளவு கண்டார்.

4. சென்னைக் கலைப்பள்ளியும் இரவுக் காவலரும்

நம் மாகாணத்தில் 1850 ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்னும் மருத்துவர் சென்னையில் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். நெடுங்காலம் அங்குக் கைத்தொழில்களே முதன்மை பெற்றன. 1929 ஆம் ஆண்டில் அதன் தலைமையை ஏற்ற முதல் இந்தியரான தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் காலத்தில் அது நுண்கலைப் பள்ளியாக மாறியது. உயிருள்ள மனிதரை எதிரில் நிறுத்திப் பார்த்து வரைவதும் உருவம் வடிப்பதும் மாணவரின் பயிற்சியில் வலுவான இடம் பெற்றன.

அவர் வடித்த உழைப்பாளர் சிலை 1959 ஆம் ஆண்டில் சென்னை மெரினாக் கடற்கரையில் நிறுவப்பட்டது. நால்வர் சேர்ந்து ஒரு பாறையை நெம்பிப் பெயர்க்கின்றனர். இந்நால்வருக்கும் மாதிரிகளாக நின்றவர் இருவரே: ஒருவர் கல்லூரி மாணவர், மற்றவர் கல்லூரியின் இரவுக் காவலர். இச்செய்தி நம் சிந்தனைக்குரியது. காவலர் என்பவர் எல்லாரும் நாள்தோறும் கடந்து செல்லும், எவரும் நின்று பாராத மனிதர். அவருடைய முதுகின் தசைநாரையும் காலூன்றலையும் ஒரு சிற்பி பலநாள் உற்றுப் பார்த்தார். அவர் உடல், 1923 ஆம் ஆண்டில் சிங்காரவேலர் இந்தியாவில் முதன்முதலாக மே நாள் கொண்டாடிய அதே நகரத்தின் கடற்கரையில், வானத்தைப் பின்புலமாகக் கொண்டு உயர்ந்து நின்றது. வெற்றுத் தாளில் மாதிரிப்பொருளாக நிறுத்தப்பட்ட தொழிலாளிக்கு மீண்டும் இடம் கிடைத்தது எனலாம். ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. அச்சிலையைக் காண வருவோர் பலருக்கும் அவர் பெயர் தெரியாது. பார்ப்பது அன்பின் தொடக்கமே, அதன் நிறைவன்று.

ராய் சௌத்ரிக்குப் பின் 1957 ஆம் ஆண்டில் தலைமை ஏற்ற கே. சி. எஸ். பணிக்கர், அதற்கு முன்னரே 1951 ஆம் ஆண்டில் மலைப்பிரசங்கத்தின் பாக்கிய வசனம் ஒன்றைத் தலைப்பாகக் கொண்டு ஓவியம் தீட்டியிருந்தார். அப்பள்ளியின் சிற்பியான எஸ். தனபால் (1919–2000) கிறிஸ்துவின் உருவை வடித்தார். திருச்சபைக்கு வெளியே நின்ற கலைஞர்கள் கிறிஸ்துவின் உடலை நம் மண்ணில் நிறுத்த முயன்றபோது, நம் ஆலயச் சுவர்களிலும் ஞாயிறுபள்ளிப் படங்களிலும் பெரும்பாலும் மேல்நாட்டு அச்சுப்படங்களே தொங்கின என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

5. சீர்திருத்த மரபும் அயலான் முகமும்

படங்களைப் பற்றிய பேச்செழுந்தால் சீர்திருத்தச் சபையினராகிய நமக்கு ஒரு தயக்கம் உண்டு. 1522 ஆம் ஆண்டில் விற்றன்பர்க்கிலும் 1524 ஆம் ஆண்டில் சூரிக்கிலும் ஆலயங்களிலிருந்து படங்கள் அகற்றப்பட்டன. படங்களை வன்முறையால் தகர்ப்பதை லூத்தர் ஏற்கவில்லை. சுவிங்கிலியும் கால்வினும் வழிபாட்டிடத்தில் அவற்றுக்கு இடமளிக்கவில்லை. வழிபடுவதற்கெனச் செய்யப்படும் உருவத்தைப் பற்றிய அவர்களின் எச்சரிக்கை இன்றும் மதிக்கத்தக்கது.

ஆனால் அம்மரபிலேயே வியக்கத்தக்க ஒன்று நிகழ்ந்தது. சீர்திருத்தச் சபை மேலோங்கியிருந்த ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த ரெம்பிராண்ட், 1656 ஆம் ஆண்டில் கடனால் நொடிந்தபோது அவர் வீட்டுப் பொருள்களுக்குப் பட்டியல் எடுக்கப்பட்டது. அதில் உயிருள்ளவரைப் பார்த்து வரைந்த கிறிஸ்துவின் தலை என்று ஒரு படம் குறிக்கப்பட்டிருக்கிறது. பதினாறு நூற்றாண்டுகளுக்குப் பின் கிறிஸ்துவை எங்ஙனம் பார்த்து வரைவது? ரெம்பிராண்டின் வீடு யூதர் மிகுதியாக வாழ்ந்த தெருவில் இருந்தது. அயலிலிருந்த யூதர் ஒருவரை அவர் எதிரில் அமர்த்தி வரைந்தார் என்று அறிஞர் கருதுகின்றனர். வழிவழியாக வந்த அழகிய பொதுமுகத்தை அவர் கைவிட்டார். ஐரோப்பா இகழ்ந்த ஓர் இனத்தானின் முகத்தில் மீட்பரைத் தேடினார்.

அதே ஆண்டில் அவர் செதுக்கிய மற்றொரு படம் நம் நாட்டோடு தொடர்புடையது. முகலாய நுண்ணோவியங்கள் பலவற்றைப் பார்த்து அவர் படியெடுத்திருந்தார். மரத்தடியில் நான்கு முதியோர் தரையில் அமர்ந்திருக்கும் ஓவியம் அவற்றுள் ஒன்று. அதனை ஆதாரமாகக் கொண்டே, ஆபிரகாம் தேவதூதரை உபசரிக்கும் காட்சியை அவர் அமைத்தார். ஐரோப்பிய வழக்கப்படி மேசையைச் சூழ்ந்து நாற்காலியில் அமராமல், தூதர்கள் தரையிலே அமர்ந்து உண்கின்றனர். உடல் அமரும் முறை மாறியபோது, திருமறைக் காட்சியே புதுப்பொருள் பெற்றது. தரையில் அமர்ந்து உண்ணும் நம் மக்கள் அப்படத்தில் தங்களை எளிதில் அடையாளம் காண்பர்.

6. ஆலயத்துக்குள் ஒரு சுவர்

மூலக்குளத்திலிருந்து கிழக்கே செல்லும் திசைக்கு இனித் திரும்புவோம். புதுச்சேரியில் சம்பா கோயில் என்று மக்கள் அழைக்கும் பேராலயம் இப்போதுள்ள வடிவில் 1791 ஆம் ஆண்டில் எழுந்தது. அதற்கு முன்பிருந்த ஆலயம் 1761 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் நகரைத் தகர்த்தபோது அழிந்தது. அப்பழைய ஆலயத்தின் உட்புறத்தில், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த கிறிஸ்தவரைப் பிறரிடமிருந்து பிரிக்கும் சுவர் ஒன்று இருந்ததையும், 1745 ஆம் ஆண்டில் அவர்களின் முறையீட்டின்பேரில் அச்சுவர் அகற்றப்பட்டதையும், சாதிக் கிறிஸ்தவர் அதனை எதிர்த்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார்.

இது கத்தோலிக்கரின் கதை என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. 1833 ஆம் ஆண்டில் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு உடனே ஒழிக்கப்படவேண்டும் என்று கட்டளையிட்டார். ஆலயத்தில் யார் எங்கே அமர்வது, நற்கருணையை யார் முதலில் பெறுவது என்பவையே அன்று எழுந்த பூசலின் மையம். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையைவிட்டு விலகினர். கீர்த்தனைகளால் நம் வழிபாட்டை வளமாக்கிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே (1774–1864) பழைய வழக்கத்தின் பக்கம் நின்றார் என்பது நாம் வருந்தி ஏற்கவேண்டிய வரலாறு.

இங்கேதான் ஓவியனின் பாடமும் இறையியலும் ஒன்றை ஒன்று சந்திக்கின்றன. சாதி என்பது கருத்தளவில் மட்டும் வாழ்வதன்று. அது உடல்களுக்கு இடம் வகுக்கும் ஒழுங்கு. யார் திண்ணையில் அமரலாம், யார் தெருவில் நிற்கலாம், யார் எத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்பனவற்றை அது அளந்து வைத்தது. 1936 ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை ராய் சௌத்ரி வெண்கலத்தில் வடித்தபோது, உடலுக்கு மறுக்கப்பட்ட இடம் திறக்கப்படுவதையே கருவாகக் கொண்டார். நம் சபைகள் பலவற்றில் இன்று சுவர் இல்லை. ஆனால் தனிக் கல்லறைத் தோட்டங்கள் உள்ள ஊர்களை நாம் அறிவோம். உயிர்த்தெழுதலைப் போதிக்கும் நாம், உயிர்த்தெழவேண்டிய உடல்களுக்கு இடையே எல்லை இட்டிருக்கிறோம்.

7. கூனியான பெண்ணைக் கண்டவர்

லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், பதினெட்டு ஆண்டுகள் நிமிரக் கூடாதிருந்த பெண்ணைப் பற்றி வாசிக்கிறோம். ஓவியனின் கண்ணோடு அப்பகுதியை வாசித்தல் நலம். ஜெப ஆலயத்தில் ஆண்டவர் உபதேசித்துக்கொண்டிருக்கிறார். முற்றும் குனிந்த உடலையுடைய ஒருத்தி அங்கே இருக்கிறாள். அவளுடைய பார்வை மட்டம் தரை. எதிரில் இருப்பவரின் முகத்தை அவளால் காணவியலாது. அவள் உதவி கேட்டதாக நற்செய்தியாளர் எழுதவில்லை. ஆண்டவர் முதலில் அவளைக் காண்கிறார். பிறகு தம்மிடம் அழைக்கிறார். பிறகே அவள்மேல் கைகளை வைக்கிறார். காணுதல், இடம் மாற்றுதல், தொடுதல் என்னும் இவ்வரிசை தற்செயலானதன்று. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு அவளைக் குணமாக்கியிருக்கலாம். ஆனால் எல்லாரும் காணும் இடத்துக்கு அவளை வரவழைத்து நிமிர்த்தினார். ஆபிரகாமின் குமாரத்தி என்று அவளுக்கு உரிய பெயரையும் அளித்தார். ஜெப ஆலயத் தலைவனின் கண்ணுக்கு ஓய்வுநாள் மீறல் தெரிந்தது. நிமிர்ந்த பெண் தெரியவில்லை.

இறைப்பணிக்கு ஆயத்தமாகும் மாணவர் கிரேக்க வினைச்சொற்களைக் கற்பது போலவே பார்க்கவும் கற்கவேண்டும். ஒரு தாளும் பென்சிலும் கொண்டு, சபையில் கடைசி வரிசையில் அமரும் முதியவர் ஒருவரை, அவருடைய இசைவோடு அரை மணி நேரம் வரைந்து பார்ப்பது நல்ல பயிற்சியாகும். படம் அழகாக அமையாவிட்டால் குற்றமில்லை. அவர் தோள் ஏன் ஒருபுறம் தாழ்ந்திருக்கிறது, பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, சுவரோரத்தை அவர் ஏன் தேர்ந்துகொள்கிறார் என்னும் வினாக்கள் அந்த அரை மணியில் எழும். அவற்றுக்கு விடை தேடிச் செல்லும் போதகர் அவர் வீட்டு வாயிலை அடைவார்.

பார்வை மட்டம் வரைபவனின் கண்ணுயரமே என்று கண்டோம். பிரசங்க மேடையின் உயரத்திலிருந்து மட்டுமே சபையைப் பார்ப்பவருக்கு உச்சிகளே தெரியும். சீடரின் பாதங்களைக் கழுவக் குனிந்தவர், அவர்களை எந்த உயரத்திலிருந்து பார்த்தார் என்பதை நாம் அறிவோம். அங்கிருந்து பார்த்தால், நிற்கும் ஒவ்வொருவரும் உயர்ந்தே தோன்றுவர்.